கறுப்பு அக்சியோவுக்கு வக்ஸா, சீலன்டா? வன்னிப் புழுதிக்கும் கிணத்துத் தண்ணிக்கும் எது நிண்டு பிடிக்கும்?

மாங்குளத்தான் (மாங்குளம்)

எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட 2013 அக்சியோக் கார் ஒண்டு இருக்கு, கறுப்பு. போன தையில கொழும்பில எடுத்தது. வேலை கிளிநொச்சியில, வீடு மாங்குளத்தில. ஒவ்வொரு நாளும் ஏ9 ஆல போய் வாறன். பெரிய றோட்டு காப்பெற் எண்டாலும் எங்கட ஒழுங்கை கிரவல். கராச் இல்லை. பகல் முழுக்க கந்தோர் முற்றத்தில வெயிலுக்க நிக்கும், இரவில வீட்டு மாமரத்துக்குக் கீழ.

எடுத்த நேரம் முகம் பாக்கலாம் போல இருந்தது. சித்திரை வருசத்துக்கு முதல் ஒரு சேர்விஸ் இடத்தில குடுத்து கட் அன் பொலிஷ் செய்வித்தன். ஒரு கிழமை பாக்க ஆசையா இருந்தது. இப்ப ஆனி. காலமை வெயிலில பொனட்டைப் பாத்தால் சிலந்தி வலை பின்னின மாதிரி வட்டம் வட்டமாக் கீறல். கதவுப் பக்கம் முழுக்க வெள்ளைப் புள்ளி, எத்தினை தரம் கழுவினாலும் போகுதில்லை.

ஆவணியில தங்கச்சிக்குக் கலியாணம். பொம்பிளை கோயிலுக்குப் போறது எங்கட காரிலதான் எண்டு அவள் இப்பவே சொல்லிப்போட்டாள். அதுக்கு முதல் இதை ஒழுங்காக்க வேணும். கடையில ஒருத்தர் கார்னோபா வக்ஸ்தான் பளபளப்பு எண்டுறார், மற்றவர் சீலன்ட் எண்ட செயற்கைப் பூச்சுத்தான் நிண்டு பிடிக்கும் எண்டுறார். எதை வாங்கிறது? வன்னியில கார் வச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ. வீடியோவில காட்டுறது எல்லாம் வேற நாட்டு வெயில், வேற நாட்டுத் தண்ணி.

வான்காரன் (முல்லைத்தீவு)

தம்பி, டின் வக்ஸ் ஒண்டும் வேண்டாம். ஸ்பிறே சீலன்ட் ஒரு போத்தல் எடுங்கோ. கழுவின ஈரத்தோட அடிச்சுத் துடைச்சால் பத்து நிமிசத்தில அலுவல் முடிஞ்சுது. நான் ஹயர் ஓடுறன். வற்றாப்பளைப் பொங்கல் நேரம் மூண்டு தரம் போய் வந்தால் வானின்ர நிறமே தெரியாது. அந்தப் புழுதியைப் பைப்பைப் பிடிச்சவுடன கழண்டு விழப்பண்ணினது இந்த ஸ்பிறேதான்.

முருங்கன் காத்து (மன்னார்)

வான்காரன் அண்ணை, உங்கட வான் வெள்ளை. கறுப்புக் காரில நாங்கள் தேடுறது வேற. அந்தப் பெயின்றுக்குள்ள கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரி ஒரு ஆழம் தெரிய வேணும். அதைக் கார்னோபா குடுக்கிற மாதிரி வேற ஒண்டும் குடுத்து நான் காணேல்லை.

தம்பி, கார்னோபா எண்டது பிரேசில் நாட்டின்ர வடகிழக்கில வளருற ஒரு பனை இனத்தின்ர ஓலையில இருந்து எடுக்கிற மெழுகு. வரண்ட பூமி மரம் அது. வெயிலில தன்ர ஈரம் போகாமல் இருக்க ஓலைக்கு மேல அந்த மெழுகைப் பூசிக்கொள்ளும். ஓலையை வெட்டிக் காயப்போட்டு, அடிச்சு உதிர்த்து எடுப்பினம். எங்கட பனையின்ர குடும்பந்தான். உருகுறதுக்கு 82 தொடக்கம் 86 பாகை வரை வேணும். வெயிலுக்கெண்டே பிறந்த மெழுகு வன்னி வெயிலுக்குத் தாங்காது எண்டு சொல்லுறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். என்ர நேவி நீலப் பிரீமியோக் காருக்கு ஆறு வருசமா அதைத்தான் பூசுறன்.

பெயின்ற் பட்டறை (வவுனியா)

தம்பி மாங்குளத்தான், முப்பது வருசத்துக்கு மேல இந்தப் பெயின்ற் வேலையில நிக்கிறன். நீங்கள் கேட்டதுக்கு மறுமொழி கடைசியில சொல்லுறன். அதுக்கு முதல் சில விசயம் விளங்க வேணும்.

எங்கட கடையளில எல்லாத்துக்கும் பொலிஷ் எண்ட ஒரே பேர்தான். குழப்பம் அங்கதான் தொடங்குது. பொலிஷ் அராவும். வக்ஸும் சீலன்டும் மூடும். கட் அன் பொலிஷ் எண்டால் நிறத்துக்கு மேல இருக்கிற கிளியர் கோட்டில ஒரு பங்கைத் தேய்ச்சு எடுக்கிறது. அந்தக் கிளியர் கோட்டின்ர மொத்தத் தடிப்பே 40, 50 மைக்கிரோன் அளவுதான், ஆளின்ர தலைமயிரை விட மெல்லிசு. கலியாணம், திருவிழா, வருசப்பிறப்பு எண்டு ஒவ்வொரு தரமும் கட் அடிச்சால் ஒரு நாள் மேல் மூடி போய் நிறம் வெளியில வரும். அதுக்குப் பிறகு திரும்பப் பெயின்ற் அடிக்கிறதைத் தவிர வேற வழியில்லை.

உங்களுக்கு ஒரு கிழமை தெரிஞ்ச மினுக்கம் பெரும்பாலும் எண்ணெய். மெசினால வேகமாத் தேய்ச்சுப்போட்டு, எண்ணெய்ப்பசை உள்ள ஒரு சாமானால கீறலை நிரப்பி விட்டால் கண்ணுக்குத் தெரியாது. நாலு தரம் கழுவ எண்ணெய் போகும், கீறல் திரும்ப எழும்பும். அந்தக் கீறலுக்கு மேல எவ்வளவு விலையான வக்ஸைப் பூசினாலும் கீறல் கீறலாத்தான் இருக்கும். பெயின்ற் பளபளக்கிறது அதின்ர மேல்பரப்பு மட்டமா இருக்கிறதால. விழுகிற வெளிச்சம் ஒரே பக்கமாத் திரும்பினால் கண்ணாடி. கீறல் விளிம்பில பட்டுச் சிதறினால் மங்கல். வெள்ளைக் காரில அது ஒளிச்சுக்கொள்ளும், கறுப்பில ஒளிக்கேலாது.

இந்தக் கீறல் எங்க இருந்து வந்தது? காலமை எழும்பித் துணியை எடுத்துக் காய்ஞ்ச புழுதியைத் துடைக்கிறியளோ? அப்பிடியெண்டால் அதுதான். எங்கட புழுதியில இருக்கிற மணல் குவார்ட்ஸ் கல்லின்ர தூள், கண்ணாடியையே கீறும். துணிக்குக் கீழ அதை வச்சுத் தேய்ச்சால் கிளியர் கோட் என்ன செய்யும்? சோளகக் காத்து அடிக்கிற இந்த மாசங்களில காரைக் காய்ஞ்ச துணியால தொடவே வேண்டாம். புழுதியா நிண்டாலும் நிக்கட்டும். தண்ணி கிடைக்கிற நேரம் முதல்ல மேலயிருந்து கீழ தண்ணியை ஓடவிட்டு மண்ணை இறக்கிப்போட்டுத்தான் துணி பிடிக்க வேணும். ரெண்டு வாளி வையுங்கோ, ஒண்டில ஷாம்பு, மற்றதில வெறும் தண்ணி. ஒவ்வொரு பக்கம் முடிய துணியை வெறும் தண்ணியில அலசிப்போட்டு ஷாம்புக்குள்ள விடுங்கோ. வெறும் தண்ணி வாளியின்ர அடியில எவ்வளவு மண் இறங்கியிருக்கு எண்டு பிறகு பாருங்கோ, உங்களுக்கே விளங்கும்.

கதவில இருக்கிற வெள்ளைப் புள்ளி வேற கதை. உங்கட கிணத்துத் தண்ணி கேத்தலில வெள்ளைப் படை பிடிக்குமோ?

மாங்குளத்தான் (மாங்குளம்)

அண்ணை, காலமை துணி போடுறது உண்மை. ஒவ்வொரு நாளும். அது காரைக் கவனமாப் பாக்கிறது எண்டு நினைச்சுத்தான் செய்தன்.

கேத்தல் உள்ளுக்கு வெள்ளையா, செதில் செதிலா இருக்கு. அம்மா மாசத்துக்கு ஒருக்காச் சுரண்டுவா. குழாய்க் கிணறு.

அக்கராயன் ரீச்சர் (கிளிநொச்சி)

நான் இரசாயனவியல் படிப்பிக்கிறேன், அதனால் இந்தப் புள்ளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கேத்தலில் பிடிப்பதும் உங்கள் கதவில் நிற்பதும் ஒரே பொருள், பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வன்னியின் நிலத்தடி நீர் பல இடங்களில் வன்னீர், அதாவது கல்சியம், மக்னீசியம் உப்புக் கூடிய தண்ணீர். கார் மேல் நிற்கும் துளி வெயிலில் ஆவியாகிப் போகும்போது கல்சியமும் மக்னீசியமும் ஆவியாகாது. துளியின் விளிம்பில் வளையமாகத் தங்கிவிடும். சவர்க்காரத்தால் அது கரையாது, அமிலத்தால்தான் கரையும். கடையில் விற்கும் வினாகிரியில் ஒரு பங்கும் தண்ணீரில் ஒரு பங்கும் கலந்து, ஆறிய கதவில், நிழலில், ஈரத்துணியாக ஓரிரு நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு உடனே நன்றாகக் கழுவுங்கள். காயவிடக் கூடாது. என் வெள்ளை ஆல்ட்டோவின் கண்ணாடியில் இருந்த புள்ளி அப்படித்தான் போனது. மாதக்கணக்காக வெயிலில் சுடுபட்ட புள்ளி சில இடங்களில் கிளியர் கோட்டைச் சிறிது குழியாக அரித்திருக்கும். அது வினாகிரிக்குப் போகாது, பெயின்ற் பட்டறை அண்ணா சொல்வதுபோல் அராவித்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் பீலியால் மழைநீர் பிடிக்கும் தாங்கி இருக்கிறது. கழுவுவது கிணற்றுத் தண்ணீரில், கடைசியாக ஊற்றும் இரண்டு வாளி மட்டும் மழைத்தண்ணீர். அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு, காய்ந்தாலும் வளையம் நிற்பதில்லை. அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு புதிதாக ஒரு புள்ளியும் வரவில்லை.

வான்காரன் (முல்லைத்தீவு)

ரீச்சர், ஒரு கேள்வி. ஸ்பிறே அடிக்கத் தொடங்கினாப் பிறகு என்ர வானில புள்ளி கூடினது போல இருக்கு. பாதுகாப்புக்கு அடிக்கிற சாமான் அப்பிடிச் செய்யுமோ? தண்ணி பட்டால் முத்து முத்தா உருண்டு நிக்குது, அதைப் பாத்துத்தான் நல்ல சாமான் எண்டு நினைச்சன்.

அக்கராயன் ரீச்சர் (கிளிநொச்சி)

செய்யும் அண்ணா. முத்தாக நிற்கும் துளி உயரமாக, உருண்டையாக நிற்கிறது. பரந்து வழியும் தண்ணீர் தன் உப்பையும் கொண்டு வழிந்துவிடும். உருண்டு நிற்கும் துளி அந்த உப்பு முழுவதையும் ஒரு சிறிய வட்டத்துக்குள் விட்டுவிட்டுக் காயும். மழை பெய்து, கார் ஓடி, துளி பறந்துபோகும் ஊரில் அந்த முத்து நல்லது. குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டு முற்றத்தில் காயவிடும் எங்களுக்கு ஒவ்வொரு முத்தும் ஒரு புள்ளி. ஆகவே டின்னில் முத்துப் படம் போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம். தண்ணீரைத் தட்டையாக வழியவிடும் சாமான் ஒன்று கிடைத்தால் எங்கள் ஊருக்கு அதுதான் பொருத்தம். எதைப் பூசினாலும் கழுவி முடித்த கையோடு, ஒரு துளியும் காய்வதற்கு முன், நீரை இழுக்கும் தடித்த மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மத்தியானம் கழுவவே வேண்டாம்.

ரொறொன்ரோ புழுதி (கனடா, சொந்த ஊர் புதுக்குடியிருப்பு)

இதை வாசிக்க எனக்கு ஒழுங்கை மணம் வருது. இங்க பனிக்கால உப்புக்குப் பயந்து எல்லாரும் பூசுறது கொலினைட் 845 எண்ட வக்ஸ். மின்கம்பத்து இன்சுலேற்றரின்ர பேரில இன்சுலேற்றர் வக்ஸ் எண்டும் சொல்லுவினம். கார்னோபாவும் செயற்கைப் பொலிமரும் கலந்தது, ஒருக்காப் பூசினால் மாசக் கணக்கில நிக்கும். ஊருக்கு வரேக்க ஒரு போத்தல் கொண்டுவாறன், தம்பி எடுக்கலாம்.

ஒண்டு கேக்க ஆசை. அப்பாவின்ர காலத்தில காட்டுத் தேன் எடுத்தாப் பிறகு மிஞ்சிற தேன்மெழுகைக் காய்ச்சி மரச்சாமானுக்குப் பூசுவினம், சைக்கிள் பாருக்கும் பூசினவை. அது ஏன் காருக்கு ஆகாது? எங்கட காட்டுச் சாமான்தானே.

பெயின்ற் பட்டறை (வவுனியா)

ஆகாது எண்டில்லை, நிக்காது. தேன்மெழுகு 62, 64 பாகையில உருகும். இந்த ஆனி மாச மத்தியானத்தில கறுப்புப் பொனட்டில கை வச்சுப் பாருங்கோ, 70 பாகையைத் தாண்டும். இளகின மெழுகில புழுதி ஒட்டினால் பிறகு தனியாப் பிரிக்கேலாது. என்ர அப்பா ஒஸ்ரின் ஏ40 வச்சிருந்தவர். தேன்மெழுகும் ரேப்பன்ரைனும் கலந்து அந்தக் காருக்குப் பூசினதைக் கண்டிருக்கிறன். அது கொட்டிலுக்க நிண்ட கார், பெயின்றும் கிளியர் கோட் இல்லாத தடிச்ச பெயின்ற். பிறகு தொண்ணூறுகளில பெற்றோல் தடைப்பட்டு, எல்லாம் மண்ணெண்ணெயில ஓடின நாளில, துடைக்கிறதும் மண்ணெண்ணெய்த் துணியாலதான். மினுங்கும், ஆனால் பூசின மெழுகை எல்லாம் கரைச்சுக்கொண்டு போகும், மிச்சமிருக்கிற பசையில புழுதி பிடிக்கும். அந்தப் பழக்கம் இண்டைக்கும் சில ஆக்களிட்ட இருக்கு. தேங்காயெண்ணெய் பூசுறதும் அதே மாதிரித்தான். தயவுசெய்து விடுங்கோ.

முருங்கன் காத்து, நீங்கள் சொன்ன 82 பாகை சரி. ஆனால் டின்னுக்குள்ள இருக்கிறது தனிக் கார்னோபா இல்லை. தனிக் கார்னோபா செங்கல் மாதிரிக் கட்டி, கையால தேய்க்கேலாது. கரைப்பான், எண்ணெய், வேற மெழுகு எல்லாம் சேத்துத்தான் பேஸ்ட் ஆக்குவினம். வெயிலில முதல்ல போறது அந்த எண்ணெய். நீங்கள் ஆசைப்படுற ஆழத்தைக் காட்டுறதில பெரும் பங்கு அந்த எண்ணெய்க்குத்தான். உங்கட பிரீமியோ எங்க நிக்குது? எத்தினை நாளுக்கு ஒருக்காப் பூசுறியள்?

முருங்கன் காத்து (மன்னார்)

தகரக் கொட்டிலுக்க நிக்குது. மாசத்துக்கு ஒருக்காப் பூசுவன், கூடினால் ஆறு கிழமை. ஒவ்வொரு போயா லீவுக்கும் எனக்கு அது ஒரு வேலை, விருப்பமா இருந்து செய்வன்.

சரி, வெயிலுக்க நிக்கிற காருக்கு அது மூண்டு நாலு கிழமைக்கு மேல நிக்காது எண்டதை ஒத்துக்கொள்ளுறன். தம்பிக்கு அவ்வளவு நேரம் இருக்குமோ தெரியாது. ஆனால் கலியாணத்து அண்டைக்குக் கார்னோபா இல்லாமல் விடாதேங்கோ. அதில நான் விட்டுக்குடுக்கமாட்டன்.

பெயின்ற் பட்டறை (வவுனியா)

விட்டுக்குடுக்க வேண்டாம், எனக்கும் அதே எண்ணந்தான். தம்பி, இனி உங்கட கேள்விக்கு வாறன்.

இப்ப சீலன்ட். செயற்கைப் பொலிமர். பெயின்றில மெழுகை விட இறுக்கமாப் பிடிக்கும், சவர்க்காரத்துக்கும் வெயிலுக்கும் கூடத் தாங்கும். போத்தலில ஆறு மாசம், ஒரு வருசம் எண்டு எழுதியிருக்கும். வெயிலுக்க நிக்கிற வன்னிக் காருக்கு மூண்டு, நாலு மாசம் எண்டு கணக்கு வையுங்கோ. யப்பான் சொஃப்ட்99 கம்பனியின்ர ஃபுசோ கோட் எங்கட பக்கம் சில கடையளில கிடைக்குது. டின்னில 12 மாதம் எண்டு இருக்கும், கறுப்புக்கு ஒண்டு வெள்ளைக்கு ஒண்டு எண்டு தனித்தனியா வரும். ரொறொன்ரோக்காரர் சொன்னதும் நல்ல சாமான். ஆனால் எந்தப் பேர் எண்டதை விட எப்பிடிப் பூசுறியள் எண்டதிலதான் பாதி இருக்கு.

முதல்ல வினாகிரி வேலையை முடியுங்கோ. பிறகு பாத்திரம் கழுவுற திரவத்தால ஒரே ஒரு தரம் கழுவுங்கோ, பழைய எண்ணெய் எல்லாம் போகட்டும். வழமையாக் கழுவ அதைப் பாவிக்க வேண்டாம், பூசினதையும் கொண்டுபோயிடும். உடுப்புத் தோய்க்கிற பவுடரும் அப்பிடித்தான். கழுவினாப் பிறகு ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கையில போட்டுக்கொண்டு பொனட்டைத் தடவிப் பாருங்கோ. வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அதுக்குத் தெரியும். இருந்தால் கிளே பார் எண்ட களிக்கட்டியால, ஷாம்புத் தண்ணி நல்லா விட்டு, அமத்தாமல் இழுத்து எடுக்க வேணும். கட்டி கைதவறி நிலத்தில விழுந்தால் எறிஞ்சு போடுங்கோ. மனம் வராது, ஆனால் எறியத்தான் வேணும். அதுக்குள்ள ஏறின மணல் உங்கட கார் முழுக்கக் கோடு இழுக்கும்.

வட்டக் கீறலை ஒருக்கா மட்டும், மெல்லிய பொலிஷால, அவசரப்படாத ஒரு ஆளிட்டக் குடுத்து எடுப்பியுங்கோ. தடிப்பு அளக்கிற மீற்றர் வச்சிருக்கிற இடமெண்டால் இன்னும் நல்லது. எண்ணெய் துடைச்சுப்போட்டு உண்மையான மேல்பரப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. அந்த வேலைக்குப் பிறகு இன்னும் ரெண்டு மூண்டு வருசத்துக்குக் கட் எண்ட சொல்லே வரக்கூடாது. 2020 பங்குனியில வாகன இறக்குமதி நிப்பாட்டி, தனியார் வாகனத்துக்கு 2025 மாசியிலதான் திரும்பத் திறந்தவை. இண்டைக்கு ஒரு அக்சியோவை மாத்திறது லேசான காரியமில்லை. இருக்கிற கிளியர் கோட்டைக் காப்பாத்திக்கொள்ளுங்கோ.

அதுக்குப் பிறகுதான் சீலன்ட். நிழலில, பொனட் குளிர்ந்த நேரம். பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு தொடங்குங்கோ. பூசுறது கண்ணுக்குத் தெரியுதோ தெரியேல்லையோ எண்டு சந்தேகம் வாற அளவுக்கு மெல்லிசா இருக்க வேணும். மங்கினாப் பிறகு விரலால ஒரு கோடு இழுங்கோ, கோடு சுத்தமா வந்தால் துடைக்கலாம், இழுபட்டால் பொறுங்கோ. பூசினாப் பிறகு ஒரு நாளைக்குத் தண்ணி படக்கூடாது.

கலியாணத்துக்கு ரெண்டு நாள் முதல், அதுக்கு மேல கார்னோபா. இந்த ஒழுங்கை மாத்தாதேங்கோ. வக்ஸுக்கு மேல சீலன்ட் பிடிக்காது, சீலன்டுக்கு மேல வக்ஸ் பிடிக்கும். பிறகு புரட்டாதிக் கடைசியில, மாரி இறங்க முதல், இன்னொருக்காச் சீலன்ட் பூசினால் தைப்பொங்கல் வரைக்கும் கவலையில்லை.

உடையார்கட்டுப் பெடியன் (முல்லைத்தீவு)

அண்ணை, போன கிழமைதான் முன் பம்பரும் இடது மட்காட்டும் பெயின்ற் அடிச்சது. சீலன்ட் பூசலாமோ?

பெயின்ற் பட்டறை (வவுனியா)

இப்ப பூச வேண்டாம் தம்பி. புதுப் பெயின்றுக்குள்ள இருக்கிற கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும், மேல மூடக்கூடாது. 60 நாள் விடுங்கோ. அதுவரைக்கும் ஷாம்பும் தண்ணியும் போதும். மற்றப் பக்கங்களுக்குப் பூசுறதெண்டாலும், அந்தப் பம்பரைத் திரும்ப அடிக்க வேண்டி வந்தால் முதலே பெயின்ரரிட்டச் சொல்லுங்கோ. கனக்கச் சீலன்டில சிலிக்கோன் இருக்கு. அது ஒரு பொட்டு நிண்டாலும் புதுப் பெயின்ற் அதில ஒட்டாமல் மீன்கண் மாதிரிக் குழி விழும்.

மாங்குளத்தான் (மாங்குளம்)

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன்.

வினாகிரிக்கு முக்கால்வாசிப் புள்ளி போயிட்டுது. கதவுக் கைபிடிக்குக் கீழ ஆறேழு இடத்தில குழி விழுந்திருக்கு, அதைப் பொலிஷ் பிடிச்சவர் பாதி எடுத்தார், மிச்சத்தைக் கைவைக்க வேண்டாம் எண்டார். அவர் ஒரு பக்கம் மீற்றர் வச்சுக் காட்டினார், பொனட்டில மற்ற இடங்களை விடக் குறைவாத்தான் நிக்குது. சித்திரையில போன பங்கு எண்டு நினைக்கிறன். அதைக் கண்டாப் பிறகு மனம் கொஞ்சம் பதறினது உண்மை.

சீலன்ட் முதல் நாள் பிழைச்சுப்போட்டுது. மழை இருட்டுக்குப் பயந்து மூண்டு மணிக்குத் தொடங்கினன், கூரைத் தகடு இன்னும் சூடு. தடிப்பாவும் பூசிப்போட்டன். கோடு கோடா இறுகி, துடைக்கத் துடைக்கத் துணி பிடிச்சு இழுத்தது. கண்ணாடிக்குக் கீழ இருக்கிற கறுப்பு பிளாஸ்ரிக்கும் வெள்ளையாப் போச்சு. அடுத்த நாள் பின்னேரம் அதே சாமானை அதுக்கு மேல மெல்லிசாத் தடவி உடனயே துடைக்க இறுகினது கழண்டு வந்தது. பிளாஸ்ரிக்கைப் பழைய பல்துலக்கியும் ஷாம்பும் எடுத்துத் தேய்ச்சன். பூச முதல் அந்த விளிம்புகளுக்கு ரேப் ஒட்டியிருக்க வேணும்.

இப்ப காலமை துணி போடுறதில்லை. முதல் பத்து நாள் கை பரபரத்தது. புழுதி ஏறின காரோட கந்தோருக்குப் போக ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சனிக்கிழமை தண்ணியை ஓடவிட்டால் செம்மண் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்குது. ரீச்சர், எங்களிட்டத் தாங்கி இல்லை. பக்கத்து வீட்டு அன்ரி தங்கட மழைத்தண்ணித் தாங்கியில ரெண்டு வாளி எடுக்கச் சொன்னவ.

அக்கராயன் ரீச்சர் (கிளிநொச்சி)

மாமரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. மாம்பழக் காலத்தில் வௌவால் வரும். அதன் எச்சமும் காகத்தின் எச்சமும் வெயில் ஏறுமுன் எடுக்கப்பட வேண்டும். உரசாமல், நனைத்த துணியை மேலே ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு எடுங்கள். சீலன்ட் இருந்தால் அரிப்பு கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், முழுக்கத் தடுக்காது.

மாங்குளத்தான் (மாங்குளம்)

கலியாணம் நல்லபடியா முடிஞ்சுது. முருங்கன் அண்ணை, வியாழன் பின்னேரம் உங்கட சொல்லுக்குக் கார்னோபா பூசினன். எனக்குச் சீலன்டோட இருந்ததுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியேல்லை எண்டுதான் முதல்ல நினைச்சன். சனிக்கிழமை விடிய, வெயில் சரிஞ்சு விழுகிற நேரம், வாசல் வாழைமரம் ரெண்டும் தோரணமும் பொனட்டுக்குள்ள அப்பிடியே தலைகீழா நிண்டது. குலையில ஒவ்வொரு காயும் எண்ணலாம். தங்கச்சி கால் வைக்க முதல் அதில தன்ர முகத்தைப் பாத்துப் பொட்டைச் சரிசெய்தாள். அந்தப் படத்தை வீட்டில பெரிசாக்கிப் போடப்போறம்.

முருங்கன் காத்து (மன்னார்)

எனக்கு அது போதும் தம்பி. பிள்ளை நல்லா இருக்கட்டும்.

வான்காரன் (முல்லைத்தீவு)

ரீச்சர் சொன்ன மாதிரித் தடிச்ச துணி ரெண்டு வாங்கினன். ஒவ்வொரு கழுவலுக்கும் துடைக்கக் கால்மணித்தியாலம் கூட எடுக்குது. புள்ளி புதுசா வரேல்லை. பழசுக்கு வாற ஞாயிறு வினாகிரி.

உடையார்கட்டுப் பெடியன் (முல்லைத்தீவு)

பெயின்ற் பட்டறை அண்ணை, எனக்கு 60 நாள் வாற வெள்ளியோட முடியுது. வானம் இருட்டிக்கொண்டு நிக்குது. பூசலாமோ, மழை விடப் பொறுக்கிறதோ?

பெயின்ற் பட்டறை (வவுனியா)

மாரி தொடங்கினால் பிறகு மழை இல்லாத ஒரு நாள் கிடைக்கிறது கஷ்டம். வெள்ளி பின்னேரம் எங்கயாவது கொட்டிலுக்க விட்டுப் பூசுங்கோ, சனி முழுக்க வெளியில எடுக்காதேங்கோ. இடம் இல்லாட்டிச் சொல்லுங்கோ, வவுனியாவுக்குக் கொண்டுவந்தால் பட்டறையில ஒரு இரவு நிக்கலாம்.